அறுக்காமல் விட்ட பங்கு

போன தைப்பூசத்தன்று எங்கள் தோட்டத்துக் கோயில் வாசலில் ஒருவர் நின்று பேசினார். பதுளையில் கடை வைத்திருப்பவர், நல்ல சட்டை, நல்ல குரல். எதிரே தெரிகிற மயான மேட்டைக் காட்டி, அந்தக் காலத்துத் துரை ஒருவர் ஏழைகள் மேல் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த இடம் அது என்றார். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். கூட்டத்தில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கேயே கத்தியிருப்பேன், பூசை நேரம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நாங்கள் விடவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விடும் என்ற பயத்தில் இதை எழுதுகிறேன். என் அப்பா லயம் என்கிற வரிசை வீட்டுச் சனங்களைக் கூட்டி வைத்துக் கதை படிக்கிறவர். ஆண்பிள்ளை இல்லாத வீடு. கண் மங்கினால் யார் படிப்பது என்று எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த எழுத்து இப்படி ஒரு சண்டைக்கு உதவும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

எங்கள் தோட்டம் மடுல்சீமைப் பக்கம். பசறையிலிருந்து ஏறி வந்தால் மூச்சு முட்டுகிற இடத்தில் முதல் லயம் தெரியும். லயத்துக்கு மேலே ஒரு மேடு. மழை இல்லாத நாளில் அங்கே நின்றால் மொனராகலைப் பக்கத்துத் தாழ்ந்த காடுகள் வெயிலில் வெந்துகொண்டிருப்பது தெரியும். தேயிலை வருவதற்கு முன்னால், காப்பிச் செடி போட்டிருந்த கோப்பிக் காலத்தில் அந்த மேட்டில் ஒன்றும் விளையவில்லை, பாறையும் காற்றும்தான். விளையாத இடம் என்பதால் எங்கள் ஆட்கள் செத்தபோது அங்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை.

என் அம்மா அங்கே இருக்கிறாள். என் மகளும் அங்கேதான். அவளுக்குப் பேச்சு திருந்தி வந்த வயசு. ஒரு மழைக்காலத்தில் வயிற்றோட்டம் கண்டு, பெரட்டுக்கு ஆள் எடுக்கிற நேரத்தில் என் மடியிலேயே போய்விட்டாள். காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிறார்களே, அந்தப் பெரட்டுக்கு அன்று நான் போகவில்லை. அடுத்த நாள் போனேன். போகாமல் என்ன செய்வது? அவள் தலைமாட்டில் செவ்வந்தி நட்டேன். பங்களாத் தோட்டத்திலிருந்து திருடிய செடி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பங்களாத் தோட்டம் என் கையில்தான் இருந்தது. மற்றப் பெண்கள் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்க, நான் துரையின் பங்களாவைச் சுற்றி மரக்கறி போட்டேன், பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். துரைக்குக் கல்யாணம் ஆகவில்லை. நெட்டை ஆள்; தாடி செம்பட்டை. ஒரு தடவை நான் அவரை இங்கிலீசுத் தொரை என்று சொல்லிவிட்டேன். மூக்கு விடைத்துவிட்டது. தான் இங்கிலீசுக்காரன் இல்லையாம், அவர்களுக்கு வடக்கே மலைநாட்டுக்காரனாம், கெல்ட் என்ற பழைய இனமாம், பாட்டன் காலம் வரைக்கும் வீட்டில் பேசிய பாஷையே வேறாம். வெள்ளைக்காரர் எல்லாம் ஒரே சாதி என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அவர்களுக்குள்ளும் மேல் வீடு கீழ் வீடு உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

துரைக்குத் தமிழ் வரும். கங்காணிமாரிடமும் ஒரு புத்தகத்திலும் படித்த தமிழ். அதில் வா, போ, கொண்டா எல்லாம் இருக்கும்; வாங்க, போங்க இருக்காது. எழுபது வயசுக் கிழவரையும் 'இங்கே வா' என்பார். அதற்காக நான் அவரை வெறுத்தேன் என்று எழுத முடியாது. ஆள் பேசப் பிரியப்படுகிறவர். அந்தக் காட்டில் அவருடன் பேசச் சொந்த இனத்தில் யாரும் கிடையாது. அப்பு என்று நாங்கள் கூப்பிடுகிற பங்களாச் சமையல்காரர் எதற்கெடுத்தாலும் 'ஆமாங்க தொரை' போடுவார். நான் போட மாட்டேன். அதனால்தான் என்னிடம் பேசினார் போலிருக்கிறது.

அவருக்கு டர்னிப் என்று ஒரு கிழங்கு வேண்டும். விதையைச் சீமையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். வெள்ளையும் ஊதாவுமாக உருண்டையாக விளைகிற கிழங்கு. எங்கள் வாய்க்குப் பிடிக்கவில்லை. ஒரு வருசம் ஐப்பசி மாதத்தில், இருப்பதிலேயே பெரிதாக இரண்டு பிடுங்கிக் கொடு என்றார். கொடுத்தேன்.

அடுத்த நாள் காலையில் வேலைக்குப் போகிறேன், பங்களா வாசல் தூண் இரண்டிலும் இரண்டு டர்னிப் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே குடைந்து எடுத்திருக்கிறார்கள். கண் வெட்டி, மூக்கு வெட்டி, பல் இளிக்கிற வாய் வெட்டி, உள்ளே மெழுகுதிரி எரிந்து கரி பிடித்திருக்கிறது. எனக்கு விசயம் உடனே விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தேன். ஆயுத பூசைக்கு நாங்கள் பூசணிக்காயில் துளை போட்டு, குங்குமம் கொட்டி, கற்பூரம் ஏற்றிச் சுற்றி, தெருவில் போட்டு உடைப்போம் அல்லவா? துரை யார் சொல்லியோ திருஷ்டி கழித்திருக்கிறார். இந்த அப்பு மறதிக்காரர், உடைக்காமல் விட்டுவிட்டார். சுற்றிய காயை உடைக்காமல் வாசலில் வைத்தால் கழித்த திருஷ்டி எல்லாம் திரும்ப வீட்டுக்குள்ளேதானே போகும்?

ஒரு டர்னிப்பை எடுத்துக்கொண்டு படியருகே போனேன். துரை தேத்தண்ணீர்க் கோப்பையோடு வெளியே வந்தார். நல்லதாகப் போயிற்று என்று அவரை அங்கேயே நிறுத்தி, கிழங்கை அவர் தலைக்கு நேரே மூன்று சுற்றுச் சுற்றினேன். மனுசன் வாயைத் திறந்தபடி நின்றார். நான் விறுவிறு என்று இறங்கிப் போய், பாதை பிரிகிற இடத்தில் ஓங்கிப் போட்டு உடைத்தேன். சதைத் துண்டுகள் தேயிலைச் செடி வரைக்கும் பறந்தன.

"ஏய்! நீ என்ன பண்றே?"

"திருஷ்டி கழிக்கிறேன் தொரை. ஒடைக்காம வச்சா ஒங்க ஒடம்புக்கு ஆகாது. இன்னொன்னையும் எடுத்துட்டு வரவா?"

அப்பு உள்ளிருந்து ஓடி வந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். என் வேலை போயிற்று என்றுதான் அவர் நினைத்தார். துரை கோப்பையைப் படியில் வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். சிரித்து முடித்தவர் படியிலேயே உட்கார்ந்து, அது என்ன விளக்கு என்று சொன்னார். அன்று ஆரம்பித்த பேச்சு அடுத்த வருசம் வரைக்கும் விட்டு விட்டு நடந்தது. நான் பாத்தி கொத்துவேன். அவர் வேலியில் சாய்ந்துகொண்டு புகையிலைக் குழாயை ஊதியபடி சொல்வார்.

அதன் பெயர் சௌவின் என்றார். கோடை முடிகிற நாள் என்று பொருளாம். அவர்களுடைய பழைய ஆட்களுக்கு வருசம் இரண்டே பாகம்தான், வெளிச்சமான பாதி, இருட்டான பாதி. வெளிச்சம் பிறக்கும்போது மாடுகளை மலைக்கு ஓட்டிப் போவார்கள். சௌவினுக்கு முன்னால் கீழே கொண்டு வருவார்கள். பனிக்காலம் முழுக்கத் தீனி போட முடியாத மாடுகளை அப்போது அடித்து உப்புக்கண்டம் போடுவார்கள். அறுப்பு முழுக்க அன்று முடிந்திருக்க வேண்டும். விளைந்தது போதுமா, இதை வைத்துக்கொண்டு இருட்டைத் தாண்ட முடியுமா என்று வீட்டுக்கு வீடு பயந்துகொண்டு பார்க்கிற நாள். பொங்கலைப் போல பொங்கிப் பொங்கிச் சந்தோசப்படுகிற அறுவடைத் திருநாள் இல்லை அது.

"ஏன் தொரை நெருப்பு?" என்று கேட்டேன். வாசலில் விளக்கு வைத்ததோடு, அன்று சாயங்காலம் அவர் பங்களாவுக்குப் பின்னால் சருகு கூட்டிக் கொளுத்தியதாக அப்பு சொல்லியிருந்தார்.

அந்த நாள் சாயங்காலத்தில்தான் தொடங்குமாம். இருட்டு முதலில், வெளிச்சம் பிறகு. அவர்கள் நாளை அப்படித்தான் எண்ணினார்கள். பொழுது சாய்கிற நேரம் ஊரில் இருக்கிற அடுப்பையெல்லாம் அணைத்துவிடுவார்களாம். ஒரு வீட்டிலும் நெருப்பு இருக்காது. பிறகு மேட்டின் மேல் எல்லாருக்கும் பொதுவாக ஒரே தீ. அதிலிருந்து ஆளுக்கு ஒரு கொள்ளி எடுத்துப் போய்த் தங்கள் அடுப்பை மூட்டிக்கொள்வார்கள். பணக்காரன் வீட்டுக்கும் இல்லாதவன் வீட்டுக்கும் அன்று ஒரே நெருப்பு. கேட்கும்போது எனக்கு அது பிடித்திருந்தது.

இன்னொன்றும் சொன்னார். வருசத்தின் இரண்டு பாதியும் சேருகிற மூட்டு அந்த நாள். மூட்டில் இடைவெளி இருக்கும். அதன் வழியாகச் செத்தவர்கள் தங்கள் தங்கள் வீட்டுக்கு வருவார்கள். கதவைத் தாழ் போடக் கூடாது. அடுப்போரம் ஒரு நாற்காலியும் தட்டில் சோறும் வைக்க வேண்டும். சொந்தக்காரர் வருகிற வழியிலேயே வேண்டாததுகளும் வரும். அவற்றை விரட்டத்தான் பல் இளிக்கிற கிழங்கு. ஆக, நான் நினைத்தது முழுக்கப் பிசகு இல்லை என்று அவரிடமே சொன்னேன். அதற்கும் சிரித்தார்.

"இதெல்லாம் எப்ப ஆரம்பிச்சது தொரை?"

"யாருக்கும் தெரியாது. பழைய ஆள் எழுதி வைக்கலே. பின்னாலே வந்த சாமியார்தான் எழுதினான். அவன் அவனுக்குப் பிடிச்ச மாதிரி எழுதினான்."

பாதிரிமார் வந்து, இது பேய்க்கூத்து என்றார்களாம். தடுத்துப் பார்த்து முடியாமல், அதற்குப் பக்கத்திலேயே தங்கள் புனிதர்களின் திருநாளை வைத்தார்களாம். பெயர் மாறிவிட்டது. தீ அணையவில்லை. இதைச் சொல்லும்போது துரையின் முகத்தில் ஒரு பெருமை இருந்ததைப் பார்த்தேன். எங்கள் கோயிலில் கடா வெட்டுகிறார்கள் என்று பசறைப் பாதிரியார் பழித்துப் பேசியதும், அதைக் கேட்டு இதே துரை தலையாட்டியதும் எனக்கு ஞாபகம் வந்தது. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அப்போது விழுங்கினேன்.

என் மனதில் ஒட்டிக்கொண்டது ஒன்றுதான். சௌவின் சாயங்காலத்துக்குப் பிறகு காட்டில் கிடக்கிற எதையும் மனுசர் தொடக் கூடாதாம். ஒரு கதிர், ஒரு பழம், புதரில் காய்த்த ஒரு காய்கூட. அறுக்காமல் விட்டது அவர்கள் பங்கு என்பார்களாம். அவர்கள் என்றால் கண்ணுக்குத் தெரியாதவர்கள். செத்தவர்களும் அதில் சேர்த்தி.

அன்று லயத்துக்குத் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். எங்கள் அப்பாவின் ஊர் திருச்சிப் பக்கம். அங்கே நெல் அறுப்பு முடியும், ஒரு நாள் வரும், பொங்கல் வைப்பார்கள், சிந்தின கதிர் பொறுக்குகிறவர்களுக்கு என்று விடுவார்கள். இங்கே தேயிலைக்கு அறுப்பு முடிகிற நாளே கிடையாது. இந்த வாரம் பறித்த மலையில் அடுத்த வாரமும் பறிக்க வேண்டும். முடிகிற நாள் இல்லாத அறுவடையில் யாருக்கு எதை விடுவது? நாங்கள் பொங்கல் வைக்கிறோம். எது விளைந்ததற்கு வைக்கிறோம் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

அவர் பாட்டனாரின் கதையைச் சொன்னது வேறொரு நாள். அவர்களுடைய பள்ளத்தாக்கு முழுக்கக் குடிசைகளாம். நிலம் சீமான் ஒருவனுடையது. ஆட்களை வைத்திருப்பதைவிட ஆடு வளர்த்தால் லாபம் என்று சீமானுக்குத் தோன்றியது. வெளியே போ என்றான். போகாதவர்களின் கூரையில் நெருப்பு வைத்தான். அவர் பாட்டன் சின்னப் பையனாக அதைப் பார்த்தாராம். பிறகு அந்த ஊர் மயானத்தில் ஆடு மேய்ந்ததாம். சொல்லிவிட்டுக் குழாயைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். அவருக்காக நான் நிசமாகவே வருத்தப்பட்டேன்.

அந்த வருத்தத்தை அவர் மிச்சம் வைக்கவில்லை.

கோப்பிச் செடி நோய் பிடித்துச் செத்து, தேயிலை வந்து, அதில் காசு தெரிய ஆரம்பித்த காலம் அது. கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்கள், ஒரு முழம் தரிசு கிடக்கக் கூடாது என்றார்களாம். ஓடைக்கரையில் நட்டார்கள். பாதை ஓரத்தில் நட்டார்கள். நாங்கள் கீரை போட்டிருந்த லயத்து மூலையில் நட்டார்கள். அடுத்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் மகள் தலைமாட்டுச் செவ்வந்திக்கு மண் அணைக்கப் போனேன். மேடு முழுக்க வரிசையாகக் குச்சி அடித்திருந்தது.

தேயிலை நடுவதற்கு முன்னால் குழி வெட்டுகிற இடத்தை அளந்து கயிறு பிடித்துக் குச்சி அடிப்பார்கள். குச்சி எங்கே இருக்கிறதோ அங்கே மண்வெட்டி இறங்கும். ஒரு குச்சி என் அம்மாவின் நெஞ்சுக்கு நேரே இருந்தது. ஒரு குச்சியை என் மகளின் செவ்வந்தியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதே துளையில் அடித்திருந்தார்கள்.

பெரிய கங்காணியிடம் போனேன். தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் அவர்தான் தலை.

"என்னங்க இது? மேட்டுல குச்சி அடிச்சிருக்கு. சொன்னீங்களா தொரைகிட்ட, அது எங்க குழிமேடுன்னு?"

"சொன்னேன், சொன்னேன். பழைய குழிதானேன்னாரு. யாரும் அங்க போறதில்லையாமே?"

"போறதில்லைன்னு சொன்னது யாரு?"

அவர் வெற்றிலையை மடித்தார். சொன்னது அவரேதான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

நேரே பங்களாவுக்குப் போய்த் துரையிடமே கேட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதைக்கிறதுக்குக் கீழே ஆற்றோரம் இடம் தருகிறேன் என்றார். இருக்கிறவர்களை என்ன செய்வது என்றேன். மண்ணில் இருந்தால் மண்தானே, செடி நன்றாக வரும் என்றார். அதையும் அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. செடியைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் சொன்னார். இதோடு அவர் இன்னொரு வேலையும் சொன்னார். சௌவின் வருகிறது, இந்த வருசம் பெரிய தீயாகப் போட வேண்டும், மேட்டில் இருக்கிற புதரையெல்லாம் வெட்டி அங்கேயே குவிக்கச் சொல்லியிருக்கிறேன், எரித்த மாதிரியும் ஆயிற்று, நிலம் துப்புரவான மாதிரியும் ஆயிற்று என்றார். செத்தவர்கள் வீட்டுக்கு வருகிற நாளைக் கொண்டாட அவருக்குக் கிடைத்த இடம் எங்கள் செத்தவர்களின் வீடு.

அந்த வருசம் தீபாவளியும் அதை ஒட்டியே வந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் செத்தவர்களுக்குப் படையல் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். புதுத்துணி வைப்போம், அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் போடுவோம். வழக்கமாக வீட்டுக்குள்தான் போடுவது. அந்த முந்தின நாளும் துரையின் சௌவினும் ஒரே நாளாக விழுந்தது. லயத்துக் குழாயடியில் பெண்களிடம் சொன்னேன்: இந்த வருசம் இலையை மேட்டில் போடுவோம். அவரவர் குழி மேல் அவரவர் இலை. போவதற்கு முன்னால் எல்லாரும் அடுப்பை அணைத்துவிட்டு வர வேண்டும்.

"அடுப்ப எதுக்குடி அணைக்கணும்?" என்றாள் ஒருத்தி.

"தொரையோட சாமிக்கு அதுதான் மொறை. நாமளும் மொறையோட போவோம்."

சிரித்தார்கள். ஆனால் யாரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த லயத்தில் மேட்டில் ஆள் இல்லாத வீடு ஒன்றுகூட இல்லை. என் புருசன்தான் பயந்தார். தோட்டத்தை விட்டுத் துரத்தினால் எங்கே போவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. துரத்தப்பட்டவனை அடுத்த தோட்டத்தில் எடுக்க மாட்டார்கள்; ஊருக்குப் போக வழி தெரியாது; நான் பிறந்ததே இந்த லயத்தில். எனக்கும் பயம்தான். பயமில்லை என்று எழுதினால் பொய்.

"நீங்க வரலைன்னா பரவாயில்ல. புள்ளைக்குப் பால்சோறு மட்டும் பிசைஞ்சு குடுங்க, நான் கொண்டுபோறேன்" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்தார். பிறகு தூக்குச் சட்டியை அவரே எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

பகலில் பெய்த மழை விட்டிருந்தது. மேட்டில் வெட்டிக் குவித்த புதர் ஆள் உயரத்துக்கு நின்றது. நாங்கள் குழிகளுக்கு மேல் இலையைப் போட்டு, சோறு வைத்து, அருகிலேயே உட்கார்ந்தோம். மேடு நிறைந்துவிட்டது. தீ வைத்தால் பொறி பறந்து எங்கள் மேல்தான் விழும். அப்பு மூச்சு வாங்க ஏறி வந்து என் காதில், "பங்களா அடுப்பையும் அணைச்சிட்டேன்" என்றார். பிறகு குனிந்து தன் தம்பியின் குழியைத் தேடிப் போனார். ஆமாங்க தொரை போடுகிற மனுசன் என்று நான் அவரைக் கேலி செய்ததெல்லாம் அன்றோடு நின்றது.

பெரிய கங்காணி முதலில் வந்தார். "ஏம்மா, எந்திரிங்க எல்லாரும். தொரை வர்றாரு. என் மானத்த வாங்காதீங்க."

"ஒக்காருங்க. ஒங்க மதினிக்கும் ஒரு எலை போட்டிருக்கோம். வருசா வருசம் நீங்க போடுறதில்ல போலிருக்கு."

அவர் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

துரை பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன இது? எல்லாரும் கீழே போ. நெருப்பு வைக்கணும்."

நான் எழுந்து நின்றேன்.

"வைங்க தொரை. நாங்களும் அடுப்ப அணைச்சிட்டுத்தான் வந்திருக்கோம். இன்னைக்குச் செத்தவங்க வீட்டுக்கு வர்ற நாளுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க ஆளுங்க இங்கதான் இருக்காங்க. சோறு வச்சிருக்கோம். அவங்க சாப்பிடட்டும்."

"இது தோட்டத்து நிலம்."

"ஒங்க பாட்டன் கூரையில நெருப்பு வச்சவனும் அதத்தானே தொரை சொல்லியிருப்பான்?"

பந்தத்தில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. துரையின் முகம் சிவந்தது. கையை ஓங்குவார் என்று நினைத்தேன். ஓங்கட்டும் என்றும் நினைத்தேன். ஆரம்பித்த பேச்சை நிறுத்த என்னால் முடியவில்லை.

"அறுக்காம விட்டது அவங்க பங்குன்னு சொன்னீங்க. ஓடைக்கரையில நட்டாச்சு. ரோட்டோரம் நட்டாச்சு. எங்க கீரைப் பாத்தியிலயும் நட்டாச்சு. இந்தத் தோட்டத்துல நடாம விட்டது இது ஒன்னுதான். ஒங்க ஊர்க் குழிமேட்டுல அந்தச் சீமான் ஆட்ட மேய விட்டான், அதுக்கு வருத்தப்பட்டீங்க. என் புள்ள மேல தேயில நட்டா நான் சிரிக்கவா?"

சொல்லிவிட்டு, என் மகள் தலைமாட்டில் நின்ற குச்சியைப் பிடுங்கினேன். ஈர மண், சுலபமாக வந்தது. அம்மா நெஞ்சிலிருந்ததையும் பிடுங்கினேன். நிமிர்ந்து பார்க்கிறேன், மேடு முழுக்கப் பெண்கள் குனிந்துகொண்டிருக்கிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. குழி இல்லாத வெறும் பாறையாகப் பார்த்து எல்லாரும் குச்சிகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். கடைசியில் ஒரு கட்டுக் குச்சியைக் கொண்டுவந்து போட்டது பெரிய கங்காணி. எதற்குப் போட்டார், எங்களுக்குப் பயந்தா, மதினிக்குப் பயந்தா, நான் கேட்டதில்லை.

"இதுல வைங்க தொரை" என்றேன்.

அவர் வைக்கவில்லை. அந்த இடத்தில் அவர் மனம் இளகிற்று, கண் கலங்கிற்று என்றெல்லாம் கதை சொல்கிறார்கள். நான் எதிரே நின்றவள். கண் கலங்கவில்லை. என்னை முறைத்துப் பார்த்தார். குழிகளை, இலைகளைப் பார்த்தார். பந்தத்தைத் தரையில் போட்டுவிட்டுத் திரும்பி இறங்கிப் போனார். அவ்வளவுதான் அந்த மகராசன் செய்த தர்மம்.

பந்தம் அணைவதற்குள் நான் எடுத்துக் குச்சிக் குவியலில் வைத்தேன். காய்ந்த குச்சிகள், மேல்தான் ஈரம். கொஞ்சம் புகைந்து பிறகு பிடித்துக்கொண்டது. அந்தத் தீயிலிருந்து ஆளுக்கு ஒரு கொள்ளி எடுத்துப் போய் லயம் முழுக்க அடுப்பு மூட்டினோம். அப்புவும் ஒன்று எடுத்துப் போனார். துரைக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு எங்கள் குச்சி நெருப்பில்தான் வெந்தது. பணக்காரனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே நெருப்பு என்று அவர் சொன்னது அந்த ஒரு நாள் எங்கள் தோட்டத்தில் நடந்தது.

தீபாவளி கழிந்த பெரட்டில் என் பங்களா வேலை போயிற்று. கோடியில் இருக்கிற மலைக்கு, அட்டை காலை மொய்க்கிற மலைக்கு, என்னைக் கொழுந்து பறிக்க அனுப்பினார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை. வழியில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அவர் இருந்த வரைக்கும் மேட்டில் ஒரு குச்சி இறங்கவில்லை. வெட்கமா, கோபமா, பயமா என்று எனக்குத் தெரியாது. இரக்கம் இல்லை என்பது மட்டும் தெரியும். இரக்கப்படுகிறவன் வேலையைப் பிடுங்க மாட்டான்.

அவருக்குப் பிறகு வந்த துரை குச்சி அடித்தான். பிடுங்கினோம். அவனுக்குப் பிறகு வந்தவனும் அடித்தான். அதற்குள் என்னோடு அன்று இருந்த பெண்களில் பாதிப் பேர் மேட்டுக்குள்ளேயே போய்விட்டார்கள்; அவர்களுடைய மகள்கள் வந்து பிடுங்கினார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் லயத்தில் இன்றைக்கும் பொழுது சாய்கிற நேரம் அடுப்பை அணைக்கிறார்கள். மேட்டுத் தீயிலிருந்து கொள்ளி எடுத்து வந்துதான் திரும்ப மூட்டுகிறார்கள். இது திருச்சியில் எந்த ஊர் வழக்கம் என்று இளசுகள் கேட்கிறார்கள். திருச்சியிலும் இல்லை, மதுரையிலும் இல்லை. ஒரு வெள்ளைக்காரன் வாயிலிருந்து எடுத்தது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவன் பாட்டன்கள் ஏதோ ஒரு குளிர் மலையில் அடுப்பை அணைத்துவிட்டு நின்றது எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

இப்போது பதுளைக்கு ரயில் வந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் மலை ஏறி வந்து அளந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். மேட்டைக் காட்டி ஏதோ பேசினார்கள் என்று போன வாரம் பேரன் சொன்னான். பேசட்டும். என் மகளுக்குப் பக்கத்தில் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு, சுற்றிச் செவ்வந்தி நட்டு வைத்திருக்கிறேன். யாரும் தந்த இடம் இல்லை அது. சீக்கிரமே அங்கே போய்ப் படுப்பேன். அடுத்த தடவை குச்சியோடு வருகிறவன் முதல் குச்சியை என் மேல்தான் அடிக்க வேண்டும். பிடுங்குவதற்கு மண்ணுக்கு மேலே ஆள் இருக்கிறது.